எலிகளுக்கு மட்டும்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். உன் அத்தான் அப்படியே இருக்கிறார். இதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ளாதே. எங்கள் வீட்டில் இப்போது 'அப்படியே' என்பதுதான் நல்ல செய்தி. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஆபீஸ் நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா, இல்லை அதையும் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறாயா?

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்டிருந்தாய். இருப்பது இரண்டு அறை. எந்த மூலையில் நின்று கிசுகிசுத்தாலும் அவருக்குக் கேட்டுவிடும். கால் போச்சு, கை போச்சு, குரலும் போய்க்கொண்டிருக்கிறது. காது மட்டும் பாம்புக் காது. அதனால் அடுத்த வீட்டிலேயே நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, லென்ஸ் தேய்க்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் தூள் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

பத்திரிகையில் நீ எழுதும் அறிவியல் பத்தியை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீர் இல்லாத செடி சத்தம் போடுமாம், மனுஷக் காதுக்குத்தான் கேட்காதாம். "அப்படியானால் எங்கள் அக்கா வீட்டுத் தொட்டிச் செடிகள் இத்தனை வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கும்" என்று என்னை வம்புக்கு இழுத்திருந்தாயே, அந்த இடத்தில் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவருக்கு. நான் முதுகைத் தட்டிக்கொண்டே உன்னைத் திட்டினேன். டாக்டர் எது சொன்னாலும் அவர் நம்புவதில்லை. "டாக்டர் சொன்னா பில்லு, உன் தம்பி சொன்னா நியூஸ்" என்கிறார். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆகிறது. பாதியிலேயே எனக்குப் புரிந்துவிடும். ஆனாலும் முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.

பயிற்சிக் காரில் உட்கார்ந்து அவர் "பிரேக்!" என்று கத்தினால் பக்கத்துத் தெருவில் போகிறவனும் வண்டியை நிறுத்துவான், ஞாபகம் இருக்கிறதா? இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் அசைகிற ஒரு விரல் நகத்தால் டம்ளரில் தட்டுகிறார்.

சுவர் அம்மா ஞாயிறு தவறாமல் வருகிறார். உன் அத்தானிடம் கார் கற்றுக்கொண்ட கடைசி மாணவி. அன்றைக்கு இவர் தன் பக்கத்து பிரேக்கை மிதிக்கப் போக, கால் கேட்கவில்லை; கார் நேராகப் போய் சுவரில் முட்டியது. நோய் தெரிய வந்ததே அதனால்தான். "சுவர் இருந்ததால கண்டுபிடிச்சோம், நீங்க என்ன தப்பு பண்ணீங்க" என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்த அம்மா கேட்பதில்லை. அவர் வந்து உட்கார்ந்தால்தான் நான் கடைத்தெருவுக்குப் போகிறேன்.

அடுத்த பத்தியை உடனே அனுப்பு. உங்கள் பத்திரிகை இந்த ஊருக்கு வருவதில்லை, உனக்குத் தெரியும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் சுகம். நாற்காலியை மாற்றிவிட்டேன், இப்போது வலி வேறு இடத்தில் வருகிறது. அறிவியல் முன்னேற்றம் என்பது இதுதான்.

இந்த வாரப் பத்தியை இணைத்திருக்கிறேன். போன மாதம் காபி குடித்தால் ஆயுள் கூடும் என்று எழுதினேன். இந்த மாதம் குறையும் என்று ஒரு ஆய்வு வந்திருக்கிறது. எங்கள் ஆசிரியரிடம் எதைப் போடுவது என்று கேட்டேன். "நல்லதுன்னு வந்தா பெருசா போடு. கெட்டதுன்னு வந்தா அதைவிடப் பெருசா போடு" என்றார். ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஐயா, நான் கடந்த மாதம் கூடுதலாகக் குடித்த காபியைத் திரும்பப் பெற முடியுமா?"

மருத்துவச் செய்தி எதுவானாலும் கடைசியில் 'எலிகளுக்கு மட்டும்' என்று ஒரு வரி போட்டு முடிக்கிறேன் அல்லவா, அது இப்போது பிரபலமாகிவிட்டது. லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் அதைச் சொல்லித்தான் என்னிடம் கைகுலுக்குகிறார்கள். வழுக்கையில் முடி வளர்ந்துவிட்டது, எலிகளுக்கு மட்டும். முதுமை பின்னோக்கி ஓடுகிறது, எலிகளுக்கு மட்டும். மறு ஜென்மம் என்று ஒன்று இருந்தால் ஆய்வுக்கூட எலியாகப் பிறக்க வேண்டும், அக்கா. வராத வியாதி இல்லை, தீராத வியாதியும் இல்லை.

எங்கள் ஆபீசில் அச்சுக்குப் பக்கம் கட்டும் பசையண்ணன் உன்னை விசாரித்தார். அவர் பசை தொட்டு எத்தனையோ காலமாயிற்று, எல்லாம் கம்ப்யூட்டர்தான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அத்தானிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத வரவில்லை. நீயாவது நன்றாக இரு.

இந்த மாதம் நீ அனுப்பிய எலிப் பத்தியைப் படித்துக் காட்டினேன். முன்கூட்டியே நான் படித்துப் பார்த்திருக்க வேண்டும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில், கால் செயலிழந்த எலிகளுக்கு ஊசி போட்டார்களாம், அவை கம்பி வலையில் மறுபடியும் ஏறினவாம். நோயின் பெயரைப் பார்த்தேன். அத்தானுக்கு வந்திருக்கும் அதே நோய். நிறுத்தவும் முடியவில்லை, அவர் கண்ணை என் வாயிலிருந்து எடுக்கவில்லை. கடைசி வரிக்கு வந்தேன். எலிகளுக்கு மட்டும்.

அவர் சிரித்தார். இந்த முறை புரையேறவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொல்லிக் கண்ணால் காட்டினார். திருப்பினேன்.

அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பால் கொடுத்தால் ஒரு வாய். சூப் கொடுத்தால் அதுவும் இல்லை. சாப்பாட்டுக்குக் குழாய் போடலாம் என்கிறார் டாக்டர். இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். குரல் சுத்தமாக நின்றுவிட்டது, அதை உனக்கு எழுதவே இல்லை, இல்லையா? கடையில் கழித்துப் போட்ட கண் பரிசோதனைப் பலகையைக் கொண்டு வந்து, பின்பக்கத்தில் நம் எழுத்துகளைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். குச்சியால் ஒவ்வொன்றாகத் தொடுவேன். சரியான எழுத்து வந்தால் கண் சிமிட்டுவார். அப்படி அவர் முதலில் சொன்ன சொல் 'போதும்'.

தம்பி, நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. உன் படிப்புக்கு, உன் கல்யாணத்துக்கு, உன் கல்யாணம் முறிந்ததற்கு, எல்லாவற்றுக்கும் நீதான் கேட்டாய். இப்போது நான் கேட்கிறேன். நீ எழுதினால் அவர் நம்புவார். அந்தச் செய்தியை மறுபடி எழுது. புதிதாக எதுவும் வேண்டாம். அந்த எலியை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனுஷனைப் போடு. ஒரே ஒரு பக்கம் அடித்து அனுப்பு. அவர் கண்ணுக்கு மட்டும்.

அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதை எழுதிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று பார்த்தேன். அடித்து எழுதினால் உனக்கு இன்னும் வலிக்கும். அப்படியே விடுகிறேன்.

அந்தப் பத்தியை எழுதும்போது அத்தான் நினைவு வராமலா இருந்தது? வந்தது. செய்தி பெரிதாக அடிபட்டது, ஆசிரியர் கேட்டார், நான் வழக்கம்போல எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்கு அனுப்பாமலாவது இருந்திருக்கலாம்.

ஆனால் நீ கேட்பது முடியாது, அக்கா. நான் கேலி செய்துதான் பிழைக்கிறேன். அந்தக் கேலிக்குள் நான் நேர்மையாக வைத்திருப்பது அந்த எலி ஒன்றைத்தான். ஆசிரியர் எத்தனையோ தடவை எடுக்கச் சொல்லியிருக்கிறார். "எலின்னு போட்டா எவன்யா படிப்பான்" என்பார். எடுத்ததில்லை. எடுத்தால் யாரோ ஒருவர், எங்கேயோ, அம்மாவையோ பிள்ளையையோ தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பார்.

டாக்டரிடம் குழாயைப் பற்றி இன்னொரு தடவை பேசு. நான் வேண்டுமானால் லீவு போட்டு வருகிறேன்.

தம்பி

மார்ச் 11

தம்பி,

நீ சுகமா என்று கேட்கவில்லை. சுகமாகத்தான் இருப்பாய்.

உன்னை யார் ஊருக்குச் சொல்லச் சொன்னது? ஒரு தாள் கேட்டேன். நேற்று ஸ்பூனை உதட்டில் வைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டார். அவர் உடம்பில் பலம் மிச்சமிருக்கும் இடம் அது ஒன்றுதான், அதையும் எனக்கு எதிராக வைத்திருக்கிறார். சூப் கழுத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும். "உன் காலில் விழறேன், வாயைத் திற" என்று என் புருஷனிடம் கெஞ்சினேன். நீ வந்து என்ன செய்யப் போகிறாய்? ஜோக் சொல்லப் போகிறாயா?

உன் எலிகள் நன்றாகச் சாப்பிடுகின்றன அல்லவா? சந்தோஷம். நீ நேர்மையாகவே இரு.

அக்கா

மார்ச் 19

அக்கா,

இணைத்திருக்கிறேன். அதே தாள், அதே அச்சு, அதே இடம். பசையண்ணன் ஒன்றும் கேட்காமல் கட்டிக் கொடுத்தார். ஒரே பிரதிதான். வேறு யார் கண்ணிலும் படக்கூடாது, சுவர் அம்மா உட்பட.

அத்தான் சாப்பிட்டாரா என்று மட்டும் எழுது.

தம்பி

மார்ச் 28

என் அருமைத் தம்பிக்கு,

நீ நூறு வருஷம் நன்றாக இருப்பாய். போன கடிதத்தில் திட்டியதை எல்லாம் மறந்துவிடு. பசி வந்தவள் பேச்சு என்று வைத்துக்கொள்.

சாப்பிட்டார்! பக்கத்தை விரித்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தேன். 'கடந்த மாதம் நாம் எழுதிய சிகிச்சை இப்போது நோயாளிகளுக்கும் அளிக்கப்பட்டது. கால் செயலிழந்தவர்கள் மீண்டும் நடந்தனர்.' என் குரல் நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்குவதாக அவர் நினைத்திருப்பார். திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். சிரிக்கவில்லை, அதில் சிரிக்க என்ன இருக்கிறது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார், தம்பி. நான் ஒன்றும் சொல்லாமலே திறந்தார்.

இப்போது குழாய்க்கும் சரி என்று கண் சிமிட்டிவிட்டார். பலகையில் நேற்று என்ன சொன்னார் தெரியுமா? "செடிக்குத் தண்ணி." தன்னைச் சொல்கிறாரா என்று டம்ளரைக் கொண்டு போனேன். இல்லையாம், ஜன்னலில் இருக்கும் தொட்டியைத்தான் சொல்கிறாராம். பழைய கிண்டல் திரும்பிவிட்டது.

மனசு குளிர்ந்து எழுதுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

நலமா? பதிலே காணோம். கோபமா?

இன்று கடையில் ஒன்று நடந்தது. உன் ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர், உடைந்த கண்ணாடியை ஒரு பழைய பத்திரிகையில் சுற்றிக்கொண்டு வந்தார். புது லென்ஸ் போட்டுக் கொடுத்து, எழுத்து தெரிகிறதா என்று பார்க்க அந்தத் தாளையே கையில் கொடுத்தேன். "வாய்விட்டுப் படிங்க" என்றேன். அவர் படித்தார்: "கால் செயலிழந்தவர்கள் மீண்டும் நடந்தனர்."

கையிலிருந்த பெட்டியைக் கீழே போட்டுவிட்டேன். தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். அதே பக்கம். அதே வரிகள். நான் எழுதச் சொன்ன அதே வரிகள்! "இது எங்க கிடைச்சது?" என்றேன். "பேப்பர்மா. கடையில விக்கிற பேப்பர். எங்க தெருவுல எல்லாரும் இதைத்தான் பேசிக்கிட்டாங்க" என்றார்.

நீ ஒரே பிரதி என்றாய். நீ பொய் அச்சடித்து ஊருக்கு விற்கிறவன் இல்லை. எலியை எடுக்க மாட்டேன் என்று எனக்கே மறுத்தவன் நீ. அப்படியானால் நான் கேட்ட பிறகு விசாரித்துப் பார்த்திருக்கிறாய், செய்தி உண்மை என்று தெரிந்திருக்கிறது, போட்டுவிட்டாய். என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாய், நான் ஆசைப்பட்டு ஏமாந்துவிடக்கூடாது என்று. சரிதானே? உன்னை எனக்குத் தெரியாதா?

எந்த ஆஸ்பத்திரி? உன் ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் விசாரி. அவரை எப்படிக் கொண்டு வருவது என்பது என் பாடு.

ஆவலோடு,
அக்கா

மே 5

தம்பி,

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கடையிலிருந்து உன் ஆபீசுக்குப் போன் போட்டேன். அந்தப் பத்தி இப்போது இல்லை, நீ வேறு பிரிவு என்றார்கள். உன் சொந்த நம்பர் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்க மாட்டேன் என்கிறாய்.

பதவி உயர்வோ என்னவோ, எனக்கு அதெல்லாம் தெரியாது. பயணம் போகும் நிலையில் அவர் இல்லை என்று டாக்டர் சொல்கிறார். அவர் எதைத்தான் சரி என்று சொன்னார்? வேன் பேசிவிட்டேன். பெட்டியும் கட்டியாகிவிட்டது; அவருடைய செருப்பையும் வைத்திருக்கிறேன், திரும்பும்போது வேண்டும். ஜூன் முதல் வாரம் கிளம்புகிறோம்.

அக்கா

மே 12

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் உங்கள் அத்தானிடம் கார் கற்றுக்கொள்ள வந்து சுவரில் மோதியவள். உங்கள் அக்கா இல்லாத ஞாயிறுகளில் அவர் பலகையில் கண்ணால் காட்டியதை எழுதியிருக்கிறேன். நடுவில் உள்ள சொற்களை நானே நிரப்பி வாசித்துக் காட்டினேன். தப்பு என்றால் கண்ணை மூடிக்கொள்வார். இனி வருவது அவர் சொன்னது.

மச்சான், நீ அனுப்பின பக்கம் பொய்னு அன்னைக்கே தெரியும். நீ எழுதினதுல கேலி இல்லாம நான் பார்த்தது அது ஒண்ணுதான். எலியை எடுத்தே, கூடவே சிரிப்பையும் எடுத்துட்டே. சாவு வீட்டுக் கார்டு மாதிரி இருந்துச்சு. பிழைப்பேனா மாட்டேனான்னு எனக்கு அதுவரைக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு. அப்புறம் இல்ல.

எனக்குப் பசி வரல. உங்க அக்கா படிச்சப்போ அவ முகத்தைப் பார்த்தேன். அதுக்காக வாயைத் திறந்தேன். அவ்வளவுதான்.

இப்ப அவ நிஜம்னு நம்புறா. எப்படி ஊருக்கெல்லாம் அச்சாச்சுன்னு தெரியல, நீ ஏதோ சொதப்பியிருக்கே. பரவால்ல. அவகிட்ட சொல்லாதே.

கார் கத்துக்க வர்றவங்க ஏன் பயப்படாம ஓட்டுறாங்க தெரியுமா? பக்கத்துல இருக்கிறவன் கால் பிரேக் மேல இருக்குன்னு நம்புறாங்க. கால் இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பார்க்கிறதில்ல. உங்க அக்கா இப்ப ஓட்டிக்கிட்டு இருக்கா. குனிய வைக்காதே.

வழியில ஏதாவது ஆச்சுன்னா ஆகட்டும். நான் வண்டியிலேயே இருந்தவன்.

இத்துடன் அவர் சொன்னது முடிந்தது. ஐயா, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்கள் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சுவர் அம்மா (அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர்)

மே 25

அன்புள்ள அத்தானுக்கு,

சுவர் அம்மாவின் முகவரிக்கு எழுதுகிறேன். உங்கள் உடம்பு எப்படி என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பசையண்ணன் பொய்ப் பக்கத்தைக் கட்டி, ஒரு பிரதி அடித்துக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அதை அழிக்காமல் பல் பிடுங்கிக்கொள்ளப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் கடைசியாகக் கட்டிய பக்கம் எதுவோ அதுதான் சரியான பக்கம் என்று அச்சுக்கு அனுப்பிவிட்டார். ஒரு சொத்தைப் பல்லால் இந்தக் கூத்து. கேலியாக எழுதிவிட்டேனா? பழக்கம்.

மறுப்புப் போட்டோம். செய்தி மேல் பாதியில் வந்தது. மறுப்பு கீழே, ராசிபலனுக்குப் பக்கத்தில், ஊசிமுனை எழுத்தில் வந்தது. அதை யாரும் படிக்கவில்லை. கடிதங்கள் மூட்டையாக வந்தன. "என் மகனுக்கு உங்கள் மருந்து எங்கே கிடைக்கும்?" ஒருவர் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார். வரவேற்பறை நாற்காலியில் அவரை உட்கார வைத்து, "சார் எழுதினாரே, அவரைக் கூப்பிடுங்க" என்றார். நான் போய் நின்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அத்தான். அதற்குப் பிறகுதான் நான் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை அடித்திருக்கலாம். அப்பாவை மறுபடி தோளில் தூக்கிக்கொண்டு, கதவைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டார். திறந்துவிட்டேன்.

பத்தியை எடுத்துவிட்டார்கள். இப்போது மரண அறிவிப்புகளைத் திருத்துகிறேன். அந்தப் பிரிவில் மறுப்புப் போட வேண்டிய அவசியம் வருவதில்லை.

வந்த கடிதம் ஒவ்வொன்றுக்கும் கைப்பட பதில் எழுதினேன். 'மன்னிக்கவும், அது எலிகளுக்கு மட்டும்.' முன்பு நான் சிரிப்பதற்காக எழுதிய அதே வரி. அக்காவுக்கு மட்டும் எழுத முடியாமல் போனையும் எடுக்காமல் ஒளிந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்டதைச் செய்ய முடியவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிட்டு, என் அக்காவை மட்டும் உங்களோடு அவ்வளவு தூரம் இல்லாத மருந்தைத் தேடி அலையவிட மாட்டேன். அவளுக்கும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டாம். ஒரு தடவை திட்டிவிடுங்கள், கண்ணாலாவது.

உங்கள் மச்சான்

ஜூன் 16

அன்புத் தம்பிக்கு,

சேதி போனிலேயே உனக்கு வந்துவிட்டது. நீ வந்தாய், நின்றாய், போனாய். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. எழுதுவதுதான் நமக்கு வருகிறது.

கிளம்பிய காலையில் தபால்காரர் வாசலிலேயே உன் கவரைக் கொடுத்தார். கைப்பையில் போட்டுக்கொண்டேன். வேனில் அவரைப் பின்னால் படுக்க வைக்கத்தான் ஏற்பாடு. கேட்டால்தானே! முன் சீட்டைப் பார்த்துக் கண்ணைக் கண்ணை அடிக்கிறார். டிரைவரும் நானும் சேர்ந்து தூக்கி உட்கார வைத்து, தலையணை கொடுத்து, பெல்ட்டால் கட்டினோம். நான் பின் சீட்டிலிருந்து தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். ஊரைத் தாண்டியதும் வெளியே பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கண் முழுக்க டிரைவரின் காலில்தான். ஏதோ சொல்ல வேண்டும் என்று காட்டினார். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, பலகையை எடுத்துக் குச்சியை வைத்தேன். கி. ள. ட். ச்.

"என்னம்மா சொல்றாரு?" என்றான் டிரைவர். "கிளட்ச்லேர்ந்து காலை எடுத்துட்டு ஓட்டுவியாம்" என்றேன். அவன் வெட்கப்பட்டுக் காலை எடுத்துக்கொண்டான். அவர் முகம் சிரிப்பது எனக்கு மட்டும் தெரியும், கண்ணாடியில் தெரிந்தது. அப்புறம் வண்டி சீராகப் போயிற்று. வெயில் ஏறியது. ஒரு பாலம் தாண்டியபோது கையில் தலை கனத்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் அப்படியே போகவிட்டேன்.

சுவர் அம்மா எல்லாவற்றையும் சொல்லி அழத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டேன். நீ கேலி இல்லாமல் எழுதினால் அவர் நம்பமாட்டார் என்பதுவரை சொன்னார். அது போதும். உன் பிரிவில் அவருக்கு ஒரு அறிவிப்புப் போடு. அதில் ஒரு வரியாவது சிரிக்கிற மாதிரி இருக்கட்டும். கிளட்ச்சைப் போடு.

உன் கவர் என் பையிலேயே இருக்கிறது. பிரிக்கவில்லை. பிரிக்கப் போவதும் இல்லை. உள்ளே அந்த எலி இருக்கிறது, எனக்குத் தெரியும். இனிமேல் அதைப் பற்றி என்னிடம் பேசாதே, எழுதாதே. கேட்கிறவர்களிடம் எல்லாம் நான் ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன்: மருந்து இருந்தது, நாங்கள் கிளம்பத் தாமதமாகிவிட்டது. லேட்டாயிடுச்சுன்னு அழ எனக்குத் தெம்பு இருக்கு, தம்பி. இல்லவே இல்லைன்னு அழத் தெம்பு இல்லை.

முதுகைப் பார்த்துக்கொள். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கடைக்குப் போக வேண்டும்.

அக்கா